சாவி கேட்கப் போன கணக்கு மேடம்

கணக்கு மேடம் கேட்டது ஒரே ஒரு சாவி. கல்லூரியின் பழைய கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே, கால் உடைந்த நாற்காலிகளையும் சுழலாத மின்விசிறிகளையும் போட்டுப் பூட்டி வைத்திருந்த ஓர் அறையின் சாவி. அதைக் கேட்கப் போனவள் தலையில் ஒரு சங்கத்தையே கட்டி அனுப்பினார்கள். சங்கம் வந்தது, பேனர் வந்தது, தலைவர் வந்தார், துணைத் தலைவர் வந்தார், சாவி மட்டும் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. சொல்ல ஆரம்பித்தாலே வயிறு எரிகிற கதை இது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அந்தக் கல்லூரியின் ஆண்டு மலரில் இதை வேறு மாதிரி அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

மேடம் தற்காலிக விரிவுரையாளர். வருடா வருடம் கோடை விடுமுறை முடிகிற நேரத்தில் வேலை நீட்டிப்பு வருமா வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஜாதி. அதனால் கல்லூரிக்குள் அவள் வாயிலிருந்து அதிகம் வருகிற வார்த்தை "சரி சார்". அந்த "சரி சார்" எல்லாம் சேர்ந்து சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் பாத்திரங்களின் மேல் இறங்கும். எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்க்கும் கணவர் கூடத்தில் உட்கார்ந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். "இன்னைக்கு யாரு? சத்தத்தைப் பார்த்தா பிரின்சிபால் மாதிரி இருக்கே. டம்ளர் மட்டும் விழுந்தா ஆபீஸ் கிளார்க். குக்கர் மூடி விழுந்தா பிரின்சிபால்." அதற்கும் ஒரு டம்ளர் விழும்.

மேடம் ஒன்றும் பிறவி மேதை இல்லை. கல்லூரியில் படிக்கச் சேர்ந்த முதல் வருடத்தில் அவளே கணக்கில் பெயிலானவள். அதை யாரிடமும் மறைத்ததில்லை. விடுதியில் மேல்வகுப்புப் பெண் ஒருத்தி, அதே பேப்பரில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவள், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "இந்த இடத்துலதான் நான் விழுந்தேன், நீயும் இங்கதான் விழுவே, பார்த்துக்கோ" என்று ஒவ்வொரு குழியாகக் காட்டினாள். புத்தகத்தில் குழிகளைப் போட்டிருக்க மாட்டார்கள். வாத்தியார்கள் குழியைத் தாண்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டதால் அவர்களுக்கும் ஞாபகம் இருக்காது. விழுந்து எழுந்தவள் சொன்னதால்தான் மேடம் தேறினாள், மேலே படித்தாள், கணக்கு மேடமும் ஆனாள்.

இப்போது அந்தக் குழியில் விழுந்து கிடந்தது அவளுடைய நாத்தனார். கல்லூரியில் படிக்கிற பெண்ணை வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி பாடம் நடத்துகிற அதே கல்லூரியில்தான் பாப்பாவும் படித்தாள். மற்ற பாடங்களில் குறை சொல்ல முடியாது. முதல் வருடக் கணக்கில் மட்டும் ஒரு முறை கோட்டை விட்டாள், மறுமுறையும் கோட்டை விட்டாள். அண்ணியே கணக்கு மேடமாக வீட்டில் இருக்க, பாப்பா வாயைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்டதில்லை. மேடம் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பாப்பாவுக்குத் தலைவலி வந்துவிடும். மேடத்தின் வகுப்பிலோ கடைசி பெஞ்சில் முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கத்த மாட்டார், ஆனால் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார். "இன்னொரு தடவை எழுதட்டும். இதுலயும் வரலைன்னா படிச்சது போதும். என் தங்கச்சி மூக்குக் கண்ணாடிக் கடையில ஆள் இல்லாம திண்டாடுறா. அங்க போய் உட்காரட்டும்."

"மாமா, ஒரே ஒரு பேப்பர்தான் மாமா."

"அந்த ஒரு பேப்பரைத்தான் இவ்வளவு நாளா பார்த்துட்டு இருக்கேன். நான் என்ன எதிரியாம்மா? தினமும் அந்த மூஞ்சியைப் பார்க்க முடியலை."

பாப்பா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. "இந்தத் தடவை வந்துடும் மாமா. நான் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த வாக்குக்கு வழி தேட வேண்டுமே. வீட்டில் அண்ணியாகவும் வகுப்பில் மேடமாகவும் இருப்பவளிடம் பாப்பா கேட்க மாட்டாள், அது மேடத்துக்குப் புரிந்துவிட்டது. அப்போதுதான் மொட்டை மாடியும் காய்ந்த துணியும் ஞாபகத்துக்கு வந்தன. மூன்றாம் வருடத்தில் ஒருவன் இருந்தான், முகத்தில் பாதி தாடி, அதனால் தாடி என்றே பெயர். இதே கணக்கில் இரண்டு முறை பெயிலாகி மூன்றாவது முறை கரையேறியவன். அவனைப் பிடித்தாள். அவனைப்போலவே விழுந்து எழுந்த இன்னும் சிலரையும் சேர்த்தாள். மதியத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் டிராயிங் ஹாலில், பாப்பாவையும் அதே பேப்பரில் தேறாத மற்றவர்களையும் கூட்டிவைத்து உட்கார்ந்தார்கள். சங்கமும் இல்லை, பெயரும் இல்லை. மேடம் வாசலோடு நின்றுகொள்வாள், உள்ளே வரமாட்டாள். ஒரே ஒரு கட்டளை மட்டும் போட்டிருந்தாள்: சொல்லிக்கொடுக்கிறவன் முதலில் தான் பெயிலான லட்சணத்தைக் கரும்பலகையில் போட்டுக்காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் சரியான வழி.

முதல்நாள் தாடி எழுந்து, பரீட்சையில் தான் எழுதியதை அப்படியே எழுதிக்காட்டினான். அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு கழித்தல் குறி. அடைப்பைத் திறந்தபோது ஐயா முதல் எண்ணின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருக்கிறார். "இதுக்கு எனக்கு வந்தது முட்டை. அடுத்த தடவையும் இதே முட்டை. கோழிக்குக்கூட ஒரு நாள் ஓய்வு உண்டு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து பாப்பாவின் குரல் வந்தது.

"ஏன் எல்லாக் குறியும் மாறணும்? ஒண்ணு மாறினா போதாதா?"

வாசலில் நின்ற மேடம் எட்டிப் பார்த்தாள். இது பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இவ்வளவு வருடமாக இதை வைத்துக்கொண்டு, கேட்டால் சிரிப்பார்கள் என்று பயந்து, அதன்மேல் என்னென்னவோ கணக்கையெல்லாம் அடுக்கிக்கொண்டே போயிருக்கிறது இந்தப் பெண். அடியில் ஒரு கல் ஆடினால் மேலே எது நிற்கும்?

தாடி தன் பையைத் தூக்கிக் காட்டினான். "உன்கிட்டேர்ந்து ஒருத்தன் இந்தப் பையைப் பிடுங்கிட்டுப் போறான்னு வை. மேல இருக்கற டிபன் பாக்ஸ் மட்டுமா போகும்? உள்ள இருக்கறது அத்தனையும் போகும். அடைப்புக்குறிதான் பை. உள்ள ஒரு கடன் பாக்கி இருந்தா அதுவும் போயிடும், அது உனக்கு லாபம். அதான் கழித்தல் கூட்டலா மாறுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதுக்குத்தான் ரெண்டு வருஷம் அழுதேன்."

அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவுக்குத் தலைவலி வரவில்லை. அண்ணியிடம் எதுவும் சொல்லவும் இல்லை, ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தானாக நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமனார் அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி செய்தித்தாளைத் திருப்பினார். சில வாரங்களில் டிராயிங் ஹாலில் உட்கார இடம் போதவில்லை. ஒருவருக்கொருவர் முட்டையைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டார்கள். உள் தேர்வில் பாப்பா அரைக் கிணறு தாண்டியிருந்தாள். இன்னும் பாதி இருந்தது, நாளும் இருந்தது.

நன்றாகப் போகிற எதையும் விட்டுவைக்கிற வழக்கம் அந்தக் கல்லூரியில் கிடையாது. டிராயிங் துறைத் தலைவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பலகைகளில் கீறல் விழுகிறதாம், ஸ்டூல்கள் இடம் மாறுகின்றனவாம். மறுநாள் கதவில் பூட்டு தொங்கியது. பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள், வாட்ச்மேன் விரட்டினார். மரத்தடிக்குப் போனார்கள், கரும்பலகை இல்லை. மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனாள்.

முதல்வர் நல்ல மனிதர்தான். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் முடியாது என்று சொல்லி அனுப்பியிருப்பார், மேடம் வேறு வழி பார்த்திருப்பாள். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிரமாதம் மேடம். இதைத்தான் நான் தேடிட்டு இருந்தேன். மாணவர் வெற்றி மன்றம். பேரு எப்படி இருக்கு?"

"சார், பேரெல்லாம் வேண்டாம் சார். மாடிப்படிக்குக் கீழ இருக்கற ரூம் சாவி மட்டும்..."

"ரூமை அப்படித் தர முடியாதே. பதிவு பண்ணின மன்றத்துக்குத்தான் ரூம். விதி அது. நாம மன்றமாவே ஆரம்பிச்சுடுவோம். நீங்கதான் ஒருங்கிணைப்பாளர். மாணவர் தலைவர் யாரைப் போடலாம்?"

மேடம் தாடியைச் சொன்னாள். முதல்வர் கிளார்க்கைக் கூப்பிட்டு விசாரித்தார். கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார். "எந்தப் பேப்பர்லயாவது ஒரு தடவை பெயிலாகியிருந்தா எந்த மன்றத்துலயும் பொறுப்புல இருக்கக்கூடாது சார். விதி."

"சார், பெயிலானதுதான் சார் இவங்களோட தகுதியே. நானே முதல் வருஷத்துல பெயிலானவதான். எனக்கும் அப்படி ஒருத்திதான்..."

முதல்வர் சட்டென்று கதவைப் பார்த்தார். வெளியே யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இதையெல்லாம் வெளியில சொல்லிக்காதீங்க. உங்க வேலை நீட்டிப்பு வேற என் மேசையில இருக்கு." அன்பாகத்தான் சொன்னார். மேடத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "சரி சார்" என்றாள்.

"மன்றத்தோட குறிக்கோளை ஒரே வரியில சொல்லுங்க. பேனர்ல போடணும்."

இங்கேதான் நடந்தது அந்தத் தப்பு. மேடம் சொல்ல நினைத்தது வேறு. தோற்றவனுக்குத் தோற்றவனே கை கொடுப்பது, கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியைக் கேட்க ஓர் இடம், இப்படி என்னென்னவோ தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் காலையிலிருந்து அலைந்த அலைச்சல், மரத்தடியில் காத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். இந்த மனிதருக்குப் புரிகிற பாஷையில் ஒன்றைச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போனால் போதும் என்று ஆகிவிட்டது.

"பாஸ் பர்சன்டேஜ் ஏறும் சார்."

முதல்வர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "இது வரி" என்றார்.

கணக்கு மேடம் சொல்கிற வாக்கியமா அது? சதவீதம் என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பதைக் கூட்டினாலும் ஏறும், கீழே இருப்பதைக் குறைத்தாலும் ஏறும். இதைக் கரும்பலகையில் எத்தனை வருடமாக எழுதிப்போட்டவள். ஆனாலும் அன்றைக்கு அது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. மன்றத்துக்குத் தலைவியாகக் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிற பெண்ணைப் போட்டார்கள். எல்லோரும் அவளை ஃபர்ஸ்ட் ரேங்க் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல பெண், சுறுசுறுப்பு, தோல்வி என்றால் என்னவென்று கண்ணால்கூடக் கண்டதில்லை. அவள் செயற்குழு போட்டாள், சின்னம் வரைந்தாள், நேரத்தை நிர்வகிப்பது எப்படி என்று பேச வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தாள். அறை சாவியைக் கேட்டபோதெல்லாம் "உள்ள பெயின்ட் அடிக்கறாங்க மேடம்", "சேர் வரணும் மேடம்", "திறப்பு விழா முடியட்டும் மேடம்" என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பதில் வந்தது. தாடியும் மற்றவர்களும் கொஞ்சநாள் கேன்டீன் பின்பக்கம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். மன்றக் கூட்டத்துக்கு வருவது கட்டாயம் என்று அதே நேரத்தில் அறிவிப்பு வந்ததும் அதுவும் கலைந்தது. "மேடம், எங்களுக்கு மன்றத்துல இடம் இல்லை, சரி. நாங்க ஏற்கெனவே பண்ணிட்டு இருந்ததுக்கும் இடம் இல்லாம போச்சே" என்று தாடி ஒருநாள் கேட்டான். மேடம் மறுபடியும் சாவி கேட்கப் போனாள். அந்த வாரத்துப் பதிலோடு திரும்பினாள்.

திறப்பு விழா நாள் வந்தது. பெரிய அரங்கு, பூங்கொத்து, சிறப்பு விருந்தினர். மேடைக்குப் பின்னால் அரங்கை அடைத்துக்கொண்டு பேனர்: தேர்ச்சி விகிதத்தை உயர்த்துவோம். அடியில் மேடத்தின் பெயர். அதைப் பார்த்தபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. ஏதோ கோணலாகப் போகிறது என்று உறைத்தது வாசலில். செயற்குழுப் பிள்ளைகள் ஒரு மேசையைப் போட்டு, வருகிறவர்கள் கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குப் பச்சை, கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சிவப்பு.

"யாருக்கு உதவி தேவைன்னு தூரத்துலேர்ந்தே தெரியணும்ல மேடம்" என்று ஃபர்ஸ்ட் ரேங்க் விளக்கினாள். அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. அதுவே இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சிவப்புப் பட்டைகளை முதல் இரண்டு வரிசையில் உட்காரவைத்தார்கள், சிறப்பு விருந்தினர் பார்த்துப் பேசுவதற்கு வசதியாக. மேடம் மேடைக்குப் போய் உட்கார்ந்த பிறகு பாப்பா வந்தாள். பெயரைப் பார்த்து அவள் கழுத்திலும் சிவப்பை மாட்டினார்கள். "கணக்கு மேடம் வீட்டுப் பொண்ணுக்கே சிவப்பா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டு, யாரோ சிரித்தார்கள். டிராயிங் ஹாலில் முட்டையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை இது. பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், படியிறங்கிப் போனாள். மேடையில் விருந்தினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேடம் எழப் போனாள். முதல்வர் மெதுவாக, "உட்காருங்க மேடம், அடுத்தது உங்க வரவேற்புரை" என்றார். அவளும் உட்கார்ந்தாள்.

அன்று முதல் பாப்பாவின் வாய் பூட்டிக்கொண்டது. அண்ணி பேச்செடுத்தால் "ம்" என்பாள், "படிக்கறேன்" என்பாள். நோட்டு திறந்திருக்கும், பக்கம் திரும்பாது. மேடமும் நயமாகச் சொல்லிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். "அந்தப் பட்டையை நான் மாட்டச் சொல்லலை பாப்பா" என்றாள் ஒருநாள்.

"தெரியும் அண்ணி. ஆனா உங்க பேருதானே பேனர்ல இருக்கு."

மேடம் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

பரீட்சை நாள் காலை. மேடம் அவசர அவசரமாகச் சமைத்துவிட்டு, பாப்பாவின் அறைக் கதவைத் தட்டினாள். பாப்பா குளிக்காமல், தலை வாராமல், கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாப்பா, கிளம்பலையா? மணி ஆகுது."

"நான் எழுதலை அண்ணி."

"விளையாடாதே. எழுந்திரு."

"நிஜமாத்தான். இந்தத் தடவை எழுத வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மன்றத்துல கூப்பிட்டு வெச்சுப் பேசினாங்க. உள் தேர்வுல மார்க் கம்மியா இருக்கறவங்க இப்ப எழுதினா மன்றத்தோட பர்சன்டேஜ் அடி வாங்கும், அடுத்த தடவை நல்லா தயாராகி எழுதுங்கன்னு. எல்லாருமே சரின்னு கையெழுத்துப் போட்டு, ஹால் டிக்கெட்டையும் திருப்பிக் கொடுத்துட்டோம். நல்லவிதமாத்தான் சொன்னாங்க. டீகூடக் கொடுத்தாங்க."

மேடம் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அடுத்த தடவைன்னு உனக்கு ஒண்ணு இல்லையே. அப்பா சொன்னதை மறந்துட்டியா?"

"அவங்ககிட்ட அப்பா சொன்னதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்ககிட்ட... நீங்கதான் சொல்லச் சொன்னீங்கன்னு நெனைச்சேன். உங்க மன்றம்தானே."

கூடத்தில் மாமனார் பெண்ணை வழியனுப்பச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். கேட்டார், புரிந்துகொண்டார். கத்துவார் என்று மேடம் எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "எழுதி வரலைன்னா வேற. எழுதவே இல்லைன்னா நான் என்னம்மா பேசறது? நாளைக்கே தங்கச்சிக்குச் சொல்லிடறேன்" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நான் பொறுப்பு" என்று சொன்னவள் அங்கேயே நின்றாள்.

அன்றைக்கு மேடம் முதல்வர் அறைக்குள் போனபோது "சரி சார்" வீட்டிலேயே தங்கிவிட்டது. "யாரைக் கேட்டு சார் பிள்ளைங்களை எழுத வேண்டாம்னு சொன்னீங்க? சொல்லிக்கொடுக்கறதுக்குத்தானே ஆரம்பிச்சோம். எழுத வரவனைத் தடுக்கறதுக்கா சங்கம்?"

முதல்வர் உண்மையிலேயே திகைத்துப்போனார். இவள் கோபத்துக்குக் காரணம் அவருக்கு விளங்கவே இல்லை. எழுந்து ஜன்னல் வழியாகக் காட்டினார். எதிர்ச் சுவரில், விழா முடிந்தும் கழற்றாமல், பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. "மேடம், ஏத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க வார்த்தையைத்தானே பிள்ளைங்க நிறைவேத்தியிருக்காங்க." மேடம் பேனரைப் பார்த்தாள். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். அப்போதுதான் அவள் புத்தியில் அது ஏறியது. சொந்த வாயால் சொல்லிக்கொடுத்த கணக்கு, எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் போடலாம் என்று விட்டுவிட்டாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே வந்து படிக்கட்டில் நின்று, யாரும் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

பாப்பா கண்ணாடிக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். அத்தை கல்லாவில், இவள் கவுன்டரில். வருகிறவர்கள் மூக்கில் பிரேமை வைத்துப் பார்த்து, காதுக்குப் பின்னால் இறுக்கமா தளர்வா என்று கேட்பாள். அத்தை வாய் நிறையப் புகழ்ந்தாள். வீட்டில் எல்லோரும் சாதாரணமாக இருந்தார்கள், அந்தச் சாதாரணத்தை மேடத்தால் தாங்க முடியவில்லை. கணவர் சமையலறைச் சத்தத்தைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கிற விளையாட்டை விட்டுவிட்டார், ஏனென்றால் சத்தமே வரவில்லை. "தேதி தாண்டிப் போச்சு, விடு. உன்னை நீயே தின்னுக்காதே" என்றார். மாமனாரிடம் மேடம் இரண்டு மூன்று முறை பேசிப் பார்த்தாள். அவர் முகம் கொடுத்துக் கேட்டார், தலையாட்டினார், மாறவில்லை.

வருடக் கடைசியில் கல்லூரி ஆண்டு விழா. முதல் வருடக் கணக்கில் தேர்ச்சி விகிதம் இதுவரை இல்லாத உயரத்துக்குப் போயிருக்கிறது என்று முதல்வர் அறிவித்தார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. சிறந்த மன்றத்துக்கான கேடயம் மாணவர் வெற்றி மன்றத்துக்கு. ஃபர்ஸ்ட் ரேங்க் ஓடி வந்து மேடத்தின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனாள். பின்வரிசையில் தாடி நின்றுகொண்டிருந்தான், கைதட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. மேடம் கேடயத்தை வாங்கினாள், புகைப்படத்துக்கு நின்றாள். இறங்குகிற இடத்தில் முதல்வர் அவள் உள்ளங்கையில் எதையோ வைத்தார்.

"கேட்டுட்டே இருந்தீங்களே மேடம். இனிமே அந்த ரூம் உங்களுக்கே."

சாவி. மேடம் விழா முடிந்ததும் போய்த் திறந்தாள். புதுப் பெயின்ட், புது நாற்காலிகள், கேடயம் வைக்க ஒரு கண்ணாடி அலமாரி. கரும்பலகை மட்டும் இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் மன்றத்தின் சின்னம் இருந்தது. கேடயத்தை அலமாரியில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்கே தெரியும், பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பாப்பா கடையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணி மேசையில் வைத்த சாவியைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது?"

"அந்த ரூம் சாவி."

"அட, கடைசியில கொடுத்துட்டாங்களா? இதுக்குத்தானே அன்னைக்குப் போனீங்க." துண்டால் முகத்தைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளாக வந்து உட்காருகிறாள். "ஷீல்டும் கொடுத்தாங்களாமே. கடைக்கு வந்த பொண்ணு சொன்னா. பர்சன்டேஜ் ரொம்ப ஏறிடுச்சாம்."

"ஏறிடுச்சு."

பாப்பா கொஞ்சம் யோசித்தாள். கடை பில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண். கீழே இருந்ததை அடித்துவிட்டுச் சின்னதாக இன்னொன்று எழுதினாள்.

"மேல இருக்கறது அப்படியேதான் இருக்கு. நாங்க எழுதலை, அதனால கீழ இருக்கறதுலேர்ந்து எங்களைப் பையோட எடுத்துட்டாங்க. கீழ குறைஞ்சா மொத்தம் ஏறும். அப்ப ஏறினதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கு, இல்லையா?" பில்லை அண்ணியின் பக்கம் தள்ளினாள். அவள் முகத்தில் குத்தலோ கிண்டலோ இல்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்ற பழைய பயம் மட்டும் கொஞ்சம் இருந்தது. "சரியாப் போட்டிருக்கேனா அண்ணி?"

மேடம் பில்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஓர் இடத்தில்கூடத் தப்பில்லை.

"சரியா இருக்கு பாப்பா" என்றாள்.